மொராக் டல்லக்கின் சைலன்சர்

நியூசிலாந்தில், ஒமாக்காவ் ஊர்ப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களில் மொராக் டல்லக்குக்குப் பிடித்தது என்று எதுவுமே இல்லை. முயல்களை வெறுத்தாள், சுட்டுப் பிழைப்பதே அவற்றால்தான் என்றாலும். ஆக்லாந்து நகரத்திலிருந்து வந்து குடியேறியவர்களை அதைவிட வெறுத்தாள். காதில் பஞ்சுகூட வைக்காமல் முப்பது வருஷம் சுட்டவள். துப்பாக்கி முனையில் சைலன்சர் மாட்டுகிற ஆண்களைக் கண்டால், "என்னப்பா, முயல் தூங்குதா? தாலாட்டும் பாடிட்டு வந்தியா?" என்பாள்.

அவளுக்கே அது தேவைப்பட்டது குவென்டினால். அவனும் ஆக்லாந்துக்காரன், திராட்சைத் தோட்டம் வாங்கியிருந்தான். இளங்கொடிகளின் பட்டையை முயல்கள் கடித்துத் தின்றுகொண்டிருந்தன.

"பகல்ல ஒயின் ருசி பார்க்க ஆளுங்க வருவாங்க, மொராக். சத்தம் கேட்டா பயந்துடுவாங்க. சைலன்சர் போட்டுக்கிட்டா மட்டும் வாங்க."

"கொறிக்கிற முயலுக்குப் பயம் இல்ல, குடிக்கிறவனுக்குப் பயமா?" என்றாள். வேலையை விட மனமில்லாமல், சைலன்சர் வாங்க அலெக்ஸாண்ட்ரா என்ற ஊருக்குப் போனாள்.

துப்பாக்கிக் கடைக்காரன் பெவன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான். மான் வேட்டைத் துப்பாக்கிகளுக்கான பெரிய சைலன்சர்கள், டைட்டானியத்தில் செய்தவை, நகைபோல மின்னின.

"இதெல்லாம் யாரு வாங்குறா? கல்யாணத்துக்குப் போட்டுக்கவா?"

"உங்களுக்கு அது வேண்டாம். சின்ன ரைபிளுக்கு இது போதும்." பெவன் ஒரு சிறிய கறுப்புக் குழாயைத் திருகித் திறந்து, உள்தட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினான். "இந்தத் தோட்டா ரொம்ப அழுக்கு. ஈயமும் கரியும் உள்ளே அப்பிக்கும். பிரிச்சுக் கழுவ முடியணும். அப்புறம், மெதுவா போற தோட்டாவா வாங்குங்க. சத்தத்தைவிட வேகமா போறது காத்துலயே சாட்டையடிக்கும், அதை எந்தக் குழாயும் அடக்காது."

"பாத்திரம் கழுவவே எனக்கு நேரமில்ல, இதையும் கழுவணுமா? பிரிக்க முடியாம ஒட்டவச்ச அந்த மலிவானதையே குடு. தோட்டா வீட்ல பெட்டி பெட்டியா கிடக்கு."

முதல் நாள், முதல் வெடி. பளீரென்று சாட்டை சொடுக்கிய மாதிரி பள்ளத்தாக்கே அதிர்ந்தது. மேலே, ஒயின் ருசி பார்க்கிற மரத்தளத்தில் ஒரு பெண் தன் வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு ஒயினாக நின்றாள். குவென்டின் இறங்கி ஓடி வந்தான்.

"இதுக்கா சைலன்சர்?"

"கை நடுங்குறவங்களுக்கு ஏன் கிளாஸ் குடுக்கறே?" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே போய் மெதுவான தோட்டாவை வாங்கி வந்தாள். பெவனிடம் வாங்காமல், வேறு ஊர்க் கடையில்.

குளிர்காலம் முழுக்க நன்றாகத்தான் போனது. பனி இளகும்போது குழாய் கல்லாய்க் கனத்தது. குறி தாழ்ந்து தாழ்ந்து, முயலுக்கு முன்னால் மண்தான் பறந்தது. பிரிக்கப் பார்த்தாள், பட்டறையில் இடுக்கிப் பிடித்துத் திருகினாள். குழாய் நசுங்கியதே தவிர திறக்கவில்லை.

"வேலியில மாட்டி நசுங்கிடுச்சு," என்று பெவனிடம் கொண்டுபோய் வைத்தாள்.

அவன் கையில் தூக்கிப் பார்த்தான். "வேலிக் கம்பி உள்ளேயே தங்கிடுச்சு போல. கனமா இருக்கே."

"பேசாம அந்தப் பிரிச்சுக் கழுவுறதை எடு."

அதை மாட்டிச் சுட்டபோது குவென்டின் பக்கத்தில் நின்றான். விசையை அழுத்தினாள், ஒன்றுமே கேட்கவில்லை. "தோட்டா வெடிக்கல," என்று துப்பாக்கியை இறக்கினாள்.

"வெடிச்சுது. முயல் விழுந்து கிடக்கு பாருங்க."

விழுந்துதான் கிடந்தது. பக்கத்து முயல்கள் தலைகூட நிமிர்த்தாமல் மேய்ந்தன.

"சத்தமே வரலியே."

"டப்னு வந்துச்சே, மொராக். எனக்கு நல்லா கேட்டுச்சு. காலையில மூணு தரம் கூப்பிட்டேன். நீங்க திரும்பவே இல்ல. கோபம்னு நினைச்சேன்."

கோபம்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவன் தன்னை மூன்று முறை கூப்பிட்டதே அவளுக்குத் தெரியாது. அன்று வேறெதுவும் சுடாமல் வீட்டுக்குப் போய், ரேடியோவைக் கடைசிவரை திருகிவைத்து, வாசலுக்குப் போய் நின்று கேட்டுப் பார்த்தாள்; முணுமுணுப்புதான் கேட்டது. பிறகு காது வைத்தியரைப் பார்க்க டனீடன் நகரத்துக்குக் கிளம்பினாள். இடது காது ஏறக்குறைய போய்விட்டது என்றார்கள். இரண்டுக்கும் கருவி மாட்டிவிட்டார்கள்.

திரும்பி வந்து திராட்சை வரிசையில் குந்தியிருந்தபோது, மரத்தளத்துப் பேச்சு முதல் முறையாகத் தெளிவாகக் காதில் விழுந்தது.

"இந்த ஒயின்ல ஈரமான கருங்கல் வாசனை இருக்குல்ல? பின்னாடி லேசா குதிரைச் சேணத்தோல் வாசனை."

மொராக் காதுக் கருவியைத் தடவிப் பார்த்தாள். "சேணத்தை நக்கிப் பார்த்த மூஞ்சிங்க," என்றாள், இந்த முறை தன் காதிலேயே விழும்படி, உரக்க.