சாம்பல் முகத்தாரின் வழக்கம்

சாம்பல் முகத்தார் தாங்கள் பிடித்துச் செல்பவர்களைக் கொல்வதில்லை என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். சனிக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சியில் வந்த விண்வெளித் தொடரின் வில்லன்கள் அவர்கள். ஒரு கோளில் இறங்குவார்கள். ஆட்களைக் கப்பலில் ஏற்றுவார்கள். எங்கோ தொலைவில் சுரங்க வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். வருடக்கணக்காக ஓடிய அந்தத் தொடரில் இந்த வழக்கம் மட்டும் மாறவேயில்லை.

தொடர் சிங்களத்தில் ஒளிபரப்பானது. வன்னியிலிருந்து எத்தாளைக்கு வந்து குடியேறிய எங்களில் அந்த மொழி மாமாவுக்கு மட்டுமே தெரியும். சிலாபம் சந்தைக்குக் கருவாடு ஏற்றிச் சென்று பழகியது. கதிரையின் நுனியில் அமர்ந்து எல்லாப் பாத்திரங்களுக்கும் அவரே தமிழில் பேசுவார்.

"அவன் தும்மினாலும் உனக்கு மூண்டு வசனம் வருது, மச்சான்" என்று அப்பா கேலி செய்வார்.

பெரியம்மா மட்டும் சிரிப்பதில்லை. போர் முடிந்த நாட்களில் அவருடைய மகனை, எங்கள் அண்ணாவை, ஒரு பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. அதைப் பற்றி வீட்டில் எவரும் கதைப்பதில்லை. தொடரைப் பற்றி மட்டும் பெரியம்மா துருவித் துருவிக் கேட்பார்.

"அந்தச் சுரங்கத்தில சாப்பாடு குடுக்கினமோ?"

"ஓம் அக்கா. பாணும் பருப்பும்."

வேற்றுக் கோளில் பாண் சுடுவது யாரென்று நான் யோசித்ததுண்டு.

நான் பள்ளியில் சிங்களம் படிக்கத் தொடங்கியிருந்த வருடம் அது. ஒரு சனிக்கிழமை கதாநாயகன் ஒருவழியாகச் சுரங்கத்தைக் கண்டுபிடித்தான். உள்ளே ஒருவரும் இல்லை. சாம்பல் முகத்தாரின் தலைவனைப் பிடித்து உலுக்கினான். தலைவன் சொன்ன பதிலில் எனக்குத் தெரிந்த ஒரு சொல் இருந்தது: "மெருவா". மாமா சற்றுத் தாமதித்தார்.

"எல்லாரையும் வேற கோளுக்கு மாத்தியாச்சாம்."

"பிழை மாமா! எல்லாரையும் கொன்றுபோட்டாங்களாம்!"

ஒரு மொழி முதன்முதலாகக் கைக்குள் வந்துவிட்ட பெருமையில் எழுந்து நின்றே சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பெரியம்மா என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"இல்லைப் பிள்ளை, மாமா சொன்னதுதான் சரி. இவ்வளவு காலமும் பிடிச்ச ஆக்களை உயிரோட வைச்சிருந்தவை, இப்ப ஏன் கொல்லப் போயினம்? கதை எழுதினவனுக்கு மறந்துபோச்சு."

நெடுங்காலம் ஓடும் கதைகளில் எழுதுபவரின் தேவைக்கேற்ப வில்லன்களின் குணம் மாறிவிடும் என்பதைப் பின்னாளில் எத்தனையோ புத்தகங்களில் கண்டேன். அன்று, பெரியம்மாவுக்குக் கதை விளங்கவில்லை என்றே நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் மாமா கதிரையின் நுனியில் வந்து அமர்ந்தார். புதிய கோளிலும் பாணும் பருப்பும் கொடுத்தார்கள்.

மாமா காலமாகிவிட்டார். அம்மாவும் அப்பாவும் தம்பியோடு வெளிநாட்டில் இருக்கிறார்கள். இப்போது ஓடுவது வேறு தொடர், வேறு கெட்டவர்கள். அவர்கள் பேசுவதை நான் தமிழில் சொல்கிறேன். எத்தாளை வீட்டில் பெரியம்மாவும் நானும் இருக்கிறோம்.