முதலில் இறைக்க ஆளில்லாத கிணறு

இன்று காலை மோட்டர் சுவிட்சைத் தட்டினேன். தண்ணீர் கொட்டியது. தனியாக நின்று சிரித்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய். போர்க்காலம். கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில்தான் கிடைக்கும்.

மூன்று தோட்டத்துக்கும் ஒரே கிணறு, ஒரே இறைப்பு மிசின், ஒரே மண் வாய்க்கால். (சண்டைக்கு வேறென்ன வேண்டும்?)

கந்தையா அண்ணைக்குப் புகையிலை. பூமணி அக்காவுக்குக் கத்தரி. எனக்கு வெங்காயம். அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு அதை விட்டால் வேறு வருமானமில்லை.

அவரவர் மண்ணெண்ணெயில் அவரவர் இறைக்கவேண்டும். ஆனால் முதலில் இறைப்பவரின் தண்ணீரில் பாதியைக் காய்ந்த வாய்க்காலே குடித்துவிடும். இரண்டாவது ஆளுக்குக் கொண்டாட்டம்.

அதனால் மூன்று நாளாக மூவரும் போத்தலோடு வந்து, மரியாதை செய்துவிட்டுத் திரும்பினோம்.

"அண்ணை, நீங்கள் பெரியாள். முதல் நீங்கள் இறையுங்கோ" என்பேன் நான்.

"சீச்சீ, பொம்பிளையள் முதல். நீ இறை பிள்ளை."

"எனக்கு அவசரமில்லை. என்ரை கத்தரி தாங்கும்" என்றார் பூமணி அக்கா. (கத்தரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.)

நாலாம் நாள் என் வெங்காயத்தாள் நுனி மஞ்சளாகிவிட்டது. இனிப் பொறுத்தால் பயிர் போய்விடும்.

"ஆளுக்கு இருபது வாளி அள்ளி வாய்க்காலை நனைப்பம். பிறகு ஒருத்தருக்கும் நட்டமில்லை" என்றேன்.

"உனக்கு உந்தப் புத்தி எங்கையடி இருந்தது?" என்றார் அக்கா.

"பள்ளிக்கூடத்திலை இல்லை அக்கா. அங்கை நான் கனநாள் நிக்கேல்லை."

அள்ளினோம். அண்ணை பதினாறுக்குப் பிறகு இருபது என்றார். (எனக்கும் எண்ணத் தெரியும் அண்ணை.) வாய்க்கால் பளபளத்தது.

உடனே அண்ணை போத்தலைத் திறந்தார். "பெரியாள் நான்தானே, முதல் இறைக்கிறன்."

"பொம்பிளையள் முதல் எண்டு ஆர் சொன்னது? என்ரை கத்தரி சாகுது!"

மூன்று நாள் மரியாதையும் மூன்று நிமிடத்தில் முடிந்தது.

அவர்கள் கதைத்துக்கொண்டிருக்க, நான் என் போத்தலை மிசினில் ஊற்றிக் கயிற்றை இழுத்தேன்.

"உவளைப் பாருங்கோ அண்ணை!"

அண்ணை முறைத்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி, விடு. ரெண்டாவது நான்."

அன்று மூன்று தோட்டமும் நனைந்தது. என் வெங்காயம் தப்பியது.

அடுத்த முறை விடியப் போனேன். வாய்க்கால் ஏற்கெனவே ஈரம். ஒரு கையில் வாளியும் மறு கையில் போத்தலுமாக இருவரும் எனக்கு முன்னமே வந்து நின்றார்கள்.

உங்கள் ஊர்க் கிணற்றடியில் இப்படி முந்திக்கொண்டது யார்? பெயரைப் போடுங்கோ, நாங்களும் சிரிப்பம்.