பனிக்குள் போன பந்து

சாஃப்ட்பாலில் ஒருத்தியின் திறமையைச் சொல்ல ஒரே ஒரு எண் போதும் என்றுதான் பிளஸ் டூ படிக்கும்வரை நம்பியிருந்தேன். ஆவரேஜ். எத்தனை முறை மட்டை பிடித்தாய், அதில் எத்தனை முறை அடித்துவிட்டு, ஆடுகளத்தின் மூலையில் இருக்கும் பேஸுக்கு அவுட்டாகாமல் போய்ச் சேர்ந்தாய், அவ்வளவுதான் கணக்கு. பத்துக்கு மூன்று வந்தாலே நல்ல ஆட்டக்காரி. எனக்குப் பத்துக்கு நான்கு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு நான் அடித்த பீற்றல் கொஞ்சநஞ்சமில்லை.

எங்கள் பள்ளி மைதானத்தின் ஒரு பக்கம் காபித் தோட்டம். மத்தியானம் தாண்டினால் அந்தப் பக்கமிருந்து பனி ஏறிவந்து பாதி மைதானத்தை மூடிவிடும். பனிக்காக நிறுத்தினால் ஏற்காட்டில் எந்த ஆட்டமும் முடியாது. அதனால் மலைமேலிருந்த பள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரு சட்டம் வைத்திருந்தோம்: உயர அடித்த பந்து பனிக்குள் போய்க் காணாமல் போனால் அடித்தவளுக்கு இரண்டு பேஸ். பிடிக்க வேண்டியவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். செடிக்குள் பந்து பொத்தென்று விழும். நான் இரண்டாவது பேஸில் நின்று பல்லைக் காட்டுவேன். எங்கள் பி.டி. மிஸ் அதை ஹிட் என்றே எழுதுவார்.

எனக்கு அடுத்து மட்டை பிடிப்பவள் என் சிநேகிதி. ஏரிப் பக்கம் அவள் அத்தா மளிகைக்கடை வைத்திருந்தார். நான் இரண்டாவது பேஸில் நிற்கும்போதெல்லாம் அவள் பன்ட் செய்வாள். வீசி அடிக்காமல், பந்தை மட்டையால் மெல்லத் தட்டிக் காலடியில் போடுவது. அதைப் பொறுக்கி அவளை அவுட்டாக்குவதற்குள் நான் மூன்றாவது பேஸுக்கு ஓடிவிடுவேன். அடுத்தவள் அடித்தால் நான் சுற்றை முடித்துக் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடுவேன், எனக்கு ரன். கைதட்டலும் எனக்குத்தான். அவளுக்கு மிஸ் ஓர் அவுட் எழுதுவார். அவள் ஆவரேஜ் பத்துக்கு இரண்டிலேயே கிடந்தது.

மாவட்ட அணியில் எங்கள் பள்ளிக்கு ஒரே இடம் என்று தகவல் வந்தது. அதில் ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிச் சீட்டுக்கு வழி உண்டு. என் மார்க்கை நம்பி நான் எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்க முடியாது. எனக்கு அந்த இடம் வேண்டும். மிஸ் எங்கள் இருவரையும் சேலத்துக்கு அழைத்துப்போனார். அடிவாரத்தில் பஸ் இறங்கியதும் வெயில் சுளீரென்று அடித்தது. பனி ஒரு பொட்டு இல்லை.

தேர்வு செய்பவர் ஸ்கோர் தாள்களைப் புரட்டினார்.

“ஏனுங்க மேடம், இந்தப் புள்ளைக்கு ரெண்டு பேஸ் அடி, டபுள், இத்தனை எப்படீங்க?”

“பந்து பனிக்குள்ள போயிருச்சுங்க,” என்றார் மிஸ், எல்லா ஊரிலும் நடப்பதுபோல.

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். “எனக்குப் புள்ள அடிச்சது போதுமுங்க. பனி அடிச்சது வேண்டாம்.”

பனிப் பந்துகளை மொத்தமாக விட்டுவிட்டுக் கணக்குப் போட்டார். என் நான்கு இரண்டரைக்கு இறங்கியது. பிறகு அவளுடைய தாள். ஓடுகிறவளை நகர்த்துவதற்காகப் பன்ட் செய்து அவுட்டானால் அந்த முறை ஆவரேஜில் சேராதாம். அது விட்டுக்கொடுத்த அவுட்டாம். “தெரியாமப் போச்சுங்களே,” என்றார் மிஸ். பன்ட்டுகளைக் கழித்ததும் அவள் ஏறக்குறைய மூன்றுக்கு ஏறிவிட்டாள். இடம் அவளுக்கு.

எனக்கு வயிறு எரிந்தது. கணக்கு சரி என்று புரிந்ததும் இன்னும் கூடுதலாக எரிந்தது.

மலையேறும் பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. பாதி வழியில் பொறுக்கவில்லை.

“மிஸ் அவுட்டுன்னு எழுதறாங்கன்னு உனக்குத் தெரியுமில்ல? ஆவரேஜ் நொம்ப இறங்குதுன்னும் தெரியும். அப்பறம் எதுக்குடி ஒவ்வொருக்காவும் தட்டுன?”

இதென்ன கேள்வி என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள்.

“நீ செகண்டுல நின்னுட்டிருந்தியே, புள்ள.”

நான் மூன்றாவது பேஸுக்கு ஓடிய ஒவ்வொரு முறையும் அவளும் முதல் பேஸுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தாள், அவுட் என்று தெரிந்தே.