மாமாவுக்கு எப்போது அறுபது?

சின்ன வயதில் என்னை மேடையேற்றினார்கள். கூட்டத்தில் யாராவது ஒரு தேதியைச் சொன்னால், அன்று என்ன கிழமை, என்ன நட்சத்திரம் என்று சட்டென்று சொல்லிவிடுவேன். யாரும் கற்றுத்தரவில்லை. வீட்டுப் பரணில் கிடந்த பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டிப் புரட்டித் தானாக வந்தது. இப்போது கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். ஒரு கேள்விக்குப் பதிலே சொல்லாமல் ஒரு பருவம் முழுக்க ஓட்டினாலும் சம்பளம் வருகிற வேலை. ஆனால் மலையாள மண்ணில், ஸ்ரீவராகத்தில் இருக்கும் எங்கள் தமிழ்த் தெருவுக்கு நான் இன்னும் அந்தப் பையன்தான்.

போன வருஷம் அடுத்த வீட்டு மாமி வந்தார். மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தன்று செய்ய வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் ஒரே மகளுக்கு ஒரு வாரம்தான் லீவு.

“ஆவணிச் சதயம் என்னைக்குடா? நீ சொன்னா மதி, அது போதும். அவ டிக்கெட் போட்டுடுவா.”

திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஆவணித் தொடக்கத்தில் ஒரு சதயம் வந்தது. ஏறக்குறைய மாதம் முடிகிற இடத்தில் இன்னொன்று. ஒரே மாதத்தில் இரண்டு வந்தால் பின்னதை எடுப்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் அந்தப் பின்னது மலையாளக் காலண்டரில் ஆவணியின் கடைசி நாள். தமிழ்ப் பஞ்சாங்கத்திலோ அன்றைக்குப் புரட்டாசி பிறந்தே விட்டது. இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறவர்கள் நாங்கள்.

“மாமா பொறந்தது எந்த ஆவணி, மாமி? தமிழா, மலையாளமா?”

“எந்த ஆவணியா? ஆவணி என்ன புடவையா, ரெண்டு தினுசுல எடுத்துப் போட?”

“ரெண்டுமே சரியா இருக்கலாம்...”

“அதெல்லாம் காலேஜ்ல பேசு. எனக்குத் தேதி சொல்லு.”

மாமியின் முகத்தில் அந்தப் பழைய கூட்டமே காத்திருந்தது. முதல் சதயத்தைச் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னேனா, கைதட்டலுக்குப் பழகிய வாய் சொல்லிற்றா, இன்றுவரை புரியவில்லை.

மகள் வந்தாள். அப்பாவும் அம்மாவும் மாலை மாற்றிக்கொண்டதைப் பார்த்து அழுதாள். திரும்பிப் போனாள். மாதக் கடைசியில் மாமி ஒரு தூக்குப் பாத்திரம் நிறையப் பாயசத்தோடு வாசலில் நின்றார்.

“என்ன மாமி, பாயசம்?”

“மாமாவுக்குப் பொறந்த நாள். மலையாளக் காலண்டர்ல இன்னைக்காக்கும்.”

“அப்போ அன்னைக்குப் பண்ணினது?”

“அதுவும் அவருக்குத்தான். எது நெஜம்னு கண்டுபிடிக்கத்தானே ஒனக்குச் சம்பளம் குடுக்கறா?” தூக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கியவர் திரும்பிப் பார்த்தார். “ஒண்ணு கேட்டியா, பாயசம் வச்சதை மட்டும் லீவு போட்டு வந்துட்டுப் போன பொண்ணுகிட்ட சொல்லிடாதே.”