மழைநாள் கைதட்டல்

இது நடந்தது. பதிவு இன்னும் தீனதயாளனிடம் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் திருத்தணிக்குப் போய்க் கேட்கலாம், போட்டுக் காட்டுவான். கூட உட்கார மாட்டான். வெளியே போய் நின்றுகொள்வான்.

மலையடிவாரத்தில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவன் அவன். சௌமியா பொதட்டூர்பேட்டைப் பாடகி. அவள் தொண்டையில் ஒரு கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன். பிறகு குரல் வருமா என்று டாக்டரால் உறுதி சொல்ல முடியவில்லை. அதற்குள் ஓர் ஆல்பமாவது வேண்டும் என்று அவள் துடித்தாள்.

“கூடத்துலயே பாடிடும்மா. சுத்தமா வரும்.”

“செவுத்தப் பாத்துகினு கெடக்க நான் என்ன பல்லியா? எதிர்ல ஆளு வேணும்ண்ணா.”

அவனுக்கும் தெரியும். எதிரே ஆள் இருந்தால் பாட்டுக்கு உயிர் வரும். கூடவே இருமல் வரும், செல்போன் அலறும், நாற்காலி இழுபடும். பிசகினால் திரும்பப் பாட வழியில்லை.

கல்யாண மண்டபத்தில் கச்சேரி. அன்று பார்த்துப் பேய்மழை. வந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. பதிவில் கைதட்டல் அப்பளம் நொறுங்குவது போலக் கேட்டது. போன வருஷம் அதே மண்டபத்தில் பதிவு செய்த நாதஸ்வரக் கச்சேரியிலிருந்து கைதட்டலை எடுத்து, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் ஒட்டினான். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் பட்டப்பகல். சரிபார்க்க முதல் பாட்டைப் போட்டான்.

நடுவே ஒரு கிழக்குரல். “ஆங்...” ரசித்துச் சொன்ன குரல். கூட்டத்துக்கு வைத்த மைக்கில் மட்டும் இருந்தது. வெட்டினான்.

மூன்றாம் பாட்டில் மறுபடியும். இப்போது மேடையில் இருந்த மிருதங்க மைக்கில்.

ஒட்டிய கைதட்டலை முழுக்க நீக்கினான். குரல் போகவில்லை.

கடைசிப் பாட்டு. சௌமியாவின் மைக். அவள் மூச்சு வாங்கும் இடத்தில்... “ஆங்...”

வெட்டினான். அவள் குரலும் சேர்ந்து அறுந்தது.

போன் போட்டான்.

“யாரும்மா அது, உன் பக்கத்துல?”

“அந்தப் பெரியவரா? காதுல கடுக்கன்? பாட்டுக்குப் பாட்டு ஒரு வரிசை முன்னால வந்துகினே இருந்தாரு. கடைசியில மேடை ஏறி உக்காந்துகினாரு. உனக்கு வேண்டியவர்னு நெனச்சேன்ணா.”

அன்று அவன் மேடையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவள் பக்கத்தில் யாரும் இல்லை.

“எதுனா பேசினாரா?”

“நம்ம கச்சேரிக்கு வந்து பாடுறியான்னாரு. ஆங், வர்றேன்னேன்.”

மண்டபக் காவலாளி துரைக்கண்ணுவிடம் ஓடினான். கடுக்கன் என்றதுமே அவர் முகம் மாறியது.

“போன வருஷ நாதஸ்வரத்துக்கு முதல் வரிசையில இருந்தாரே, அவரு. எல்லாரும் கைதட்டிகினு இருக்கும்போதே உசுரு போயிடுச்சி. கூட்டம் கலைஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது. நீ அதுக்குள்ள ஒயரைச் சுருட்டிகினு கெளம்பிட்ட.”

திங்கட்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி போனது.

குரல் வரவில்லை.

சேதி வந்த அன்று அந்தப் பழைய பதிவைத் திறந்தான். தவிலும் நாதஸ்வரமும்தான். பாட்டே கிடையாது.

கைதட்டல் எழுந்தது... ஓய்ந்தது...

அதற்கடியில் சௌமியா பாடிக்கொண்டிருந்தாள்.