மல்லாந்தே கிடந்த பதினைந்து நாள்

கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்ததில் என் வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உத்திரமேரூர் பக்கத்து எங்கள் காலனிக்குக் கொண்டுவந்த அன்றே ஜனம் பார்க்க வர ஆரம்பித்துவிட்டது. தாமலிலிருந்து, பழையசீவரத்திலிருந்து, அவரோடு கலவை சுமந்தவர்கள், யாரென்றே எனக்குத் தெரியாதவர்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போடச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். முதல் நாள் சுவர்ப் பக்கமாகத் திருப்பினேன். அவருடைய அக்கா பார்த்துவிட்டு ஒரே ஆட்டம்.

“இன்னாமே இது? பாக்க வந்தவங்களுக்கு முதுக காட்டிக்கினு கீறான்! செவுத்தப் பாத்துப் படுக்கறது நல்லதுக்கில்ல. மல்லாக்கப் போடு.”

வாசல் பக்கம் திருப்பினாலோ துணி விலகி மூத்திர டியூப் வெளியே தெரிந்தது. அவருக்கு மானம் போனது. என் வாய் ஊரறிந்த வாய். அது அன்றைக்கு எங்கே போய் ஒளிந்ததோ! வருகிறவர்களுக்கு முகம் காட்டட்டும் என்று மல்லாக்கவே போட்டுவிட்டேன். பதினைந்து நாள்.

வீட்டில் ஒரு நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று, குழந்தையைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டுப் பரணில் இருந்த பாத்திரமெல்லாம் இறக்கித் தேடினேன். எலியும் இல்லை, ஒன்றும் இல்லை. மறுநாள் லுங்கி மாற்ற அவரைத் தூக்கியபோதுதான் பார்த்தேன். குண்டிக்கு மேலே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துக் கிடந்தது. ஓரமெல்லாம் ஈரம். லுங்கியை மாற்றாமல் அப்படியே நின்றேன்.

“இன்னாடி, ஏன் நின்னுட்ட?” என்றார்.

“வலிக்குதாய்யா?”

“ஒண்ணும் வலிக்கல.”

அந்தப் பதில்தான் என்னை நடுங்க வைத்தது. அவ்வளவு பெரிய புண், ஒரு முனகல்கூட இல்லை.

வீடு வீடாக வரும் நர்ஸைக் கூட்டிவந்தேன். பார்த்ததுமே அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. “கறுப்பா கீறது செத்த தோலு அக்கா. வெட்டி எடுக்கணும், இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க. பவுடர் கொட்டாதீங்க, தேய்க்காதீங்க. திருப்பிப் போடுங்க. காய்ச்சல் கண்டா ஒரு நிமிசம் நிக்காதீங்க, ரத்தத்துல வெஷம் ஏறிச்சின்னா ஆளு தங்கமாட்டாரு.”

வெட்டி எடுத்து, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. களை எடுக்கப் போனால் பாதி வரப்பில் பயம் பிடித்துக்கொள்ளும், ஓடிவந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். கட்டிலைச் சுவரைவிட்டு நகர்த்திப் போட்டு, இரண்டு மணிக்கு ஒரு தரம் ஒருக்களித்துத் திருப்பினேன். நாத்தனார் மறுபடி வந்து வாயைத் திறந்தார்.

“மூஞ்சியப் பாக்கணும்னா நீ அந்தாண்ட போய் உக்காந்து பாரு அண்ணி. அவரு திரும்பமாட்டாரு” என்றேன். முறைத்தார். போய் உட்கார்ந்தார்.

ஒரு நாள் மத்தியானம் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதை வந்திருந்தது. கொஞ்சம் தைரியம் வந்து கேட்டேன்.

“வூடே நாறிச்சே, படுத்திருந்த ஒனக்குத் தெரியலயா?”

முகத்தைத் தலையணையில் திருப்பிக்கொண்டார்.

“தெரியும்.”

“தெரியுமா? அப்புறம் ஏன்யா சொல்லல?”

“என் ஒடம்புதான் அழுகுதுன்னு தெரிஞ்சா கொழந்தைய இட்டுக்கினு ஒங்கம்மா வூட்டுக்குப் போயிடுவியோன்னு பயந்துக்கினு இருந்தேன்.”

அடப்பாவி! வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அழுதுகொண்டே திட்டினேன். இனி எதையும் மறைக்கமாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார்.

நான் அதை நம்பவில்லை. இன்றைக்கும் காலையில் எழுந்ததும் குனிந்து நானே மோந்து பார்க்கிறேன்.