மூன்று பேர் பாதையில் நாலாவது ஆள்

காலை ஏழு பத்துக்குத் தொலைபேசி அடித்தது. அந்த நிமிடத்திலிருந்துதான் எல்லாம் பிசகத் தொடங்கியது. மறுமுனையில் தவமண்ணை. லண்டன் ரெய்னர்ஸ் லேன் பகுதியில் எங்கள் வீதிக்கு அடுத்த வீதியில் தனியாக இருப்பவர், நாள்தோறும் எங்கள் காரிலேயே வேலைக்கு வருகிறவர். "தங்கச்சி, இரவு முழுக்க வயித்தாலை அடிச்சு எழும்ப ஏலாமக் கிடக்குது. குறை நினைக்காதேங்கோ, நான் இண்டைக்கு வரேல்லை. பிள்ளையை நல்லாச் செய்யச் சொல்லுங்கோ" என்றார். உடம்பைப் பாருங்கோ அண்ணை என்று சொல்லி வைத்த பிறகும் என் கை தொலைபேசியிலேயே இருந்தது. அன்று ஒன்பதரைக்கு என் மகள் மதுராவுக்கு மருத்துவக் கல்லூரியில் நேர்முகம். மற்றக் கல்லூரிகள் எல்லாம் மறுத்துவிட்டன. கூப்பிட்டது இது ஒன்றுதான். தவமண்ணையோடு சேர்த்து நாலு பேராகப் புறப்படுவதாக இருந்தோம். இப்போது மூன்று பேர்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. இங்கே சனிக்கிழமை வகுப்பில் தமிழ் படித்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நல்ல காரியத்துக்கு எங்கள் ஆட்கள் மூன்று பேராக வெளிக்கிட மாட்டார்கள். பெண் பார்க்கப் போனாலும், காணி எழுதப் போனாலும், ஒருவரைக் குறைப்பார்கள் அல்லது ஒருவரைக் கூட்டுவார்கள். கூட்ட ஆள் கிடைக்காவிட்டால் ஒரு கல்லை எடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்தக் கல்தான் நாலாவது ஆள். நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவள். மூன்று என்ற எண்ணில் ஒரு குற்றமும் இல்லை என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் வேறு யாருடைய பிள்ளையின் நேர்முகமும் அல்ல அது. ஒருவரைக் குறைப்பதென்றால் நான்தான் வீட்டில் நிற்க வேண்டும். நான் நின்றால் காரில் இரண்டு பேர். இரண்டு பேருக்கு அந்தப் பாதை இல்லை.

அந்தப் பாதையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. எங்கள் பக்கத்திலிருந்து நகரத்துக்குள் போகும் பெரிய வீதி காலை நேரத்தில் வீதியாக இருப்பதில்லை, கார் தரிப்பிடமாக மாறிவிடும். அதற்கு ஒரு வழி பார்க்கலாம் என்று இந்த ஆண்டு இடதுபக்க லேனைத் தனியாக்கினார்கள். மூன்று பேரோ அதற்கு மேலோ இருக்கும் கார்கள் மட்டும் அதில் போகலாம். வெள்ளைக் கோடு போட்டு, பெரிய பலகையில் மூன்று என்ற எண்ணும் பக்கத்தில் ஒரு கூட்டல் அடையாளமும் எழுதி வைத்தார்கள். ஒரே கிழமையில் சனம் கொதித்துப்போனது. உள்ளூர்ப் பத்திரிகையில் பக்கம் பக்கமாகக் கடிதங்கள். ஒருவர் துணிக்கடைப் பொம்மை இரண்டுக்குத் தொப்பி போட்டு ஏற்றிக்கொண்டு போய்ப் பிடிபட்டார் என்று சிரித்தார்கள். குடும்பம் குடும்பமாக அடைந்து திரிகிறவர்களுக்காகவே செய்த பாதை இது என்று ஒருவர் எழுதியிருந்தார். எந்தக் குடும்பம் என்று எழுதவில்லை. எழுதாமலே எங்களுக்கு விளங்கியது.

பக்கத்து வீட்டு டெரிக் அந்த லேனுக்கு எதிராகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு எங்கள் கதவுக்கும் வந்தார். நல்ல மனிதர், நாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் எங்கள் ரோசாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர். "ஒவ்வொரு நாளும் அந்தக் காரில் நான் தனி ஆள். தனியாக இருப்பதற்காக என்னைத் தண்டிக்கிறார்கள்" என்றார். என் கணவர் அந்த ஆங்கிலத்தை வேறு விதமாக விளங்கிக்கொண்டார். உண்மையாகவே மனம் இளகி, "தனியா ஏன் போறீங்கள், டெரிக்? எங்கட காரில ஒரு இடம் இருக்கு, நாளைக்கே வாங்கோ" என்று அழைத்தார். டெரிக் அதைப் பகிடி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். பகிடி இல்லை என்று தெரிந்ததும் முகம் சிவந்து, வேறு வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் ஆட்களும் குறைவில்லை. ஹரோவில் தமிழ் வகுப்பு வாசலில் மலேசியத் தமிழர் ஒருவரைச் சந்திப்பேன். கணக்காளர், பெரிய பென்ஸ் காரில் தன்னந்தனியாகப் போகிறவர். "ஆள் ஏத்திட்டுப் போகவா அக்கா நான் பென்ஸ் வாங்கினேன்? அஞ்சு பேர அடைச்சுட்டுப் போனா வெள்ளக்காரன் நம்மள என்னன்னு நினைப்பான், லா?" என்று கேட்டார். "அடைஞ்சு போறதுதான் சரியெண்டு அவனே பலகை எழுதி நட்டிருக்கிறான், தம்பி. நீங்கள் ஜாமில இருந்து வாசியுங்கோ" என்றேன்.

எனக்கு அந்தப் பாதை பிடித்திருந்தது. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் நாங்கள் எங்கே போனாலும் கூடிப்போன ஆட்கள்தான். வாடகை வீட்டில் இத்தனை பேரா என்று கேட்டார்கள். பிள்ளைப்பேறு வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர்தான் என்று மற்றவர்களை வெளியே அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்துக் கலைவிழாவில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு இருக்கை. சேர்ந்து போவதற்காக ஒரு நாடு வழிவிட்டதை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டேன். வலதுபுறம் ஒற்றை ஒற்றை ஆட்களாக அசையாமல் நிற்கும் கார்களைத் தாண்டி, எங்கள் பழைய மஞ்சள் கார் விரையும்போது எனக்குள் ஒரு திமிர் எழும்பும். மகள் முதல் நாளே டியூப் ரயிலில் போகிறேன் என்றாள். அந்தக் கிழமை ரயில்கள் அடிக்கடி நடுவழியில் நின்றன. அதோடு, எங்களுக்கென்று ஒரு பாதை இருக்கும்போது பிள்ளை ஏன் நெரிபட வேண்டும்?

ஆகவே முன்வாசலில் ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கழுவி என் கைப்பையில் வைத்தேன். "இப்ப நாங்கள் நாலு பேர். ஆர் கேட்டாலும் நாலு. மூண்டெண்டு வாயால சொல்லக்கூடாது, விளங்குதோ?" என்றேன். மதுரா கண்ணை உருட்டினாள். "அம்மா, நீங்க ஒரு மாத்ஸ் டீச்சர்" என்றாள். என் கணவர் காரை எடுத்தார்.

பாதைக்குள் நுழைந்து கொஞ்சத் தூரத்தில் ஓர் இளம் பொலிஸ்காரர் கை காட்டினார். மதுரா பின்சீற்றில் குனிந்து தன் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தலை வெளியே தெரியவில்லை. இரண்டு பேர் என்று நினைத்துத்தான் மறித்திருக்கிறார். ஓரமாக ஒதுக்கி நிறுத்தினோம். அவர் என் பக்கத்து யன்னலால் குனிந்தார், மகளைக் கண்டார், சிரித்தார். எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் பேச்சுக்காக ஒரு கேள்வி கேட்டார்: "அப்போ எத்தனை பேர் போகிறீர்கள், மேடம்?"

"ஃபோர்" என்றேன்.

சிரிப்பு மறைந்தது. அவர் ஒருமுறை எண்ணினார். பிறகு பின்சீற்றின் கால்வைக்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, காரின் பின்பக்கத்தை, மூடியிருந்த டிக்கியைப் பார்த்தார். "நாலாவது ஆள் எங்கே?"

"என் கைப்பைக்குள்" என்றேன். ஆங்கிலத்தில் அதை அப்படித்தான் சொல்ல முடிந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் வான் வண்டி ஒன்றில் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். வீதித்தடையில் இராணுவத்தினர் எத்தனை பேர் என்று கேட்டார்கள். சாரதி பதினொன்று என்றார். எண்ணினார்கள், பன்னிரண்டு. ஒரு தாயின் சேலைக்குள் தூங்கிய கைக்குழந்தையைச் சாரதி கணக்கில் சேர்க்கவில்லை. அந்த ஒன்றுக்காக எங்கள் எல்லோரையும் இறக்கி, பெட்டிகளைக் கொட்டி, ஆண்களைத் தனியாக வெயிலில் முழங்காலில் வைத்தார்கள். அதில் என் கணவரும் ஒருவர். சொன்ன கணக்கும் கண்ட கணக்கும் வேறாக இருந்தால் என்ன நடக்கும் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். லண்டன் வீதியோரத்தில் அவருடைய இரண்டு கைகளும் தாமாகவே ஸ்டியரிங்கின் மேலே ஏறி, விரல்கள் விரிந்து நின்றன. எவரும் அவரை அப்படி வைக்கச் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அந்தக் கைகள் எனக்கு முன்னால் நிற்கின்றன.

நான் பையைத் திறந்து கல்லை எடுத்தேன். விளக்கத்தான் எடுத்தேன். பொலிஸ்காரர் இரண்டடி பின்னால் போனார். "அதைக் கீழே வையுங்கள், மேடம். காரை விட்டு இறங்குங்கள்." பக்கத்து லேனில் நகராமல் நின்றவர்கள் யன்னல்களை இறக்கினார்கள். யாரோ கை தட்டினார்கள். "நல்ல வேலை! பிடியுங்கள்!" என்று ஒரு குரல். மகள் பாய்ந்து வந்தாள். "ஓ மை காட், அம்மா! ஐ ஆம் சோ சாரி, ஆபிசர். இது எங்கள் கல்ச்சரல் திங்" என்று கெஞ்சினாள். பொலிஸ்காரர் டிக்கியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு குடையும் அரிசி மூட்டையும் இருந்தன. மரியாதையாகத்தான் பார்த்தார், அதை மறுக்கமாட்டேன். ஆனால் வயர்லெஸ்ஸில் யாரையோ கூப்பிட்டார், என் கணவரிடம் உரிமப் பத்திரம் கேட்டார், பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னார். எங்கள் பெயர் நீளமானது.

மதுரா மணிக்கூட்டைப் பார்த்தாள். "எனக்கு இனி நிக்க ஏலாது. நான் டியூபில போறன்" என்றாள். அவளுடைய புதுச் சப்பாத்து புல்லில் வழுக்க வழுக்க, சரிவில் ஏறி, பாலத்தைத் தாண்டி ஸ்டேஷன் பக்கமாக ஓடினாள். நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளையைப் பின்னால் கூப்பிடக்கூடாது என்பதால் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பொலிஸ்காரர் பத்திரத்தைத் திருப்பித் தந்து மன்னிப்பும் கேட்டார். பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்: "இப்போது நீங்கள் இரண்டு பேர்தான். இந்த லேனை விட்டுப் போக வேண்டும்." போகலாம், ஆனால் எங்கே போவது? வலதுபுறம் ஒரு கார் கூட இடம் விடவில்லை. முன்பக்கத்தைக் கோட்டுக்கு மேலே நுழைத்துச் சிக்னல் போட்டுக்கொண்டு நின்றோம். ஒருவர் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்தார். இன்னொருவர் எங்களைப் பார்த்துக்கொண்டே ஓரங்குலம் முன்னால் வந்தார். ஒரு வான்காரர் மட்டும் தலையை நீட்டினார். "உன் ஆள் எங்கே போய்விட்டாள், டார்லிங்?" "மெடிக்கல் கொலிஜ்!" என்று கத்தினேன். சத்தத்தில் முதல் சொல்தான் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். முகம் மாறியது. "ஐயோ, யாருக்காவது உடம்பு சரியில்லையா? வா, வா, நுழை" என்று வானை நிறுத்தி இடம் விட்டார்.

"ஒருத்தருக்கும் வருத்தம் இல்லை! என் மகள் டாக்டராகப் போகிறாள்! இன்டர்வியூ!" என்றேன்.

வான் முன்னால் வந்து இடைவெளியை அடைத்தது.

"உனக்கு வாயை வைச்சுக்கொண்டு இருக்க ஏலாதோ?" என்று என் கணவர் கத்தினார். அன்று அவர் என்னோடு பேசிய முதல் சொல் அதுதான்.

"பிள்ளை நல்ல காரியத்துக்குப் போயிருக்கிறாள். வருத்தமெண்டு பொய் சொல்லி எனக்கு இடம் வேண்டாம். அப்பிடியே நிப்பாட்டுங்கோ. பின்னுக்கும் எடுக்காதேங்கோ. விடுற ஆக்கள் விடட்டும்."

நின்றோம். காரின் மூக்கு அவர்களுடைய லேனில், வால் எங்களுடைய லேனில். இரண்டு பக்கமும் ஹோர்ன் அடித்தார்கள். மூன்று பேர் இருந்த கார்களும் எங்களால் நின்றன, ஒற்றை ஆட்களும் எங்களால் நின்றார்கள். நான் கண்ணாடியை ஏற்றவில்லை. பொலிஸ்காரர் ஓடிவந்து வாகனங்களை மறித்து எங்களை விடும்வரை ஒருவரும் அசையவில்லை. அடுத்த திருப்பத்தில் வெளியேறி வீட்டுக்கு வந்தோம். அன்று இருவரும் வேலைக்குப் போகவில்லை.

கதை ஆர்ச்வே முருகன் கோவில் வரைக்கும் போய்விட்டது. பொலிசுக்குக் கல்லைக் காட்டின மனுசி என்று பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அதற்காகத்தான் நானே எழுதுகிறேன். கணக்குத் தெரியாமல் நான் நாலென்று சொல்லவில்லை. என் பிள்ளைக்காகச் சொன்னேன். நாளைக்கு யார் கேட்டாலும் அதையே சொல்வேன். கல்லூரியிலிருந்து முடிவு இன்னும் வரவில்லை. அந்த லேனையோ எதிர்ப்புத் தாங்காமல் அழிக்கப்போகிறார்களாம்.

அன்று பிள்ளை வரும்வரை நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை. இருட்டிய பிறகு கதவு திறந்தது. மதுரா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதிரையில் விழுந்தாள். சரியாக ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். ஆனால் நேர்முகம் செய்ய வேண்டிய பேராசிரியர் அந்நேரம் வந்துசேரவில்லையாம். நானும் என் கணவரும் ஒன்றாக, "ஏனாம்?" என்றோம்.

"அவர் ஜாமில நிண்டவராம். தனியாத்தான் கார் ஓட்டி வந்தவர். வந்து நல்லா சாரி சொன்னார். 'ஒரு மஞ்சள் கார் ரெண்டு லேனுக்கும் குறுக்க நிண்டு ஆரையும் விடேல்லை, என்ன மாதிரி ஆக்களோ தெரியாது' எண்டு என்னட்டச் சொல்லிச் சிரிச்சார்" என்றாள் மகள்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் என்னுடைய கைகளைப் பார்த்தேன்.

"நான் சிரிக்கேல்லை, அம்மா. 'அது எங்கட கார். அதுக்குள்ள இருந்தது என்ர அம்மாவும் அப்பாவும்' எண்டு சொன்னன்."